கம்பிக்குக் கீழே வைத்த கொக்கி

லெப்பைக்குடிக்காட்டில் அந்த வீட்டுக்குத் தளம் போட்ட அன்று வயரிங் வேலை என்னுடையது. கலவை மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்த முடியாது. ஹால் பக்கம் பாதிக் கலவை கொட்டியாகிவிட்ட நேரத்தில் வீட்டுக்கார அக்கா ஏணியில் ஏறி வந்தார். ஃபேன் கொக்கி எங்கே என்று கேட்டார். காட்டினேன்.

“இங்க வேணாம். தெருவுல நின்னு பாத்தா வாசலுக்கு நேராத் தெரியணும். ரெண்டடி தள்ளி வைங்க.”

அவருடைய கணவர் குவைத்தில் இருந்தார். வீடு கட்டும் பொறுப்பு முழுக்க அக்காவுடையது. இனிமேல் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பெயரை மாற்றிக் கூப்பிட்டபோதும் எழுந்து நின்று ‘உள்ளேன் ஐயா’ என்றவன் நான்.

கொக்கியின் இரண்டு கைகளும் தளத்துக் கம்பிகளுக்கு மேலே படுக்க வேண்டும். அப்போதுதான் தொங்குகிற பாரத்தைக் கம்பி தாங்கும். நான் ஈரக் கலவையைக் கையால் அள்ளிப்போட்டு, கம்பிக்குக் கீழேயே கொக்கியைச் செருகினேன். மேலே கொண்டுபோய்க் கட்ட நேரமில்லை. கொத்தனார் பார்த்துவிட்டார்.

“ஃபேனுதானே, தாங்கும். வுடு.”

விட்டுவிட்டேன். மத்தியானம் எல்லோருக்கும் பிரியாணி போட்டார்கள். நான் இலையை வாங்கிக்கொண்டு போய் மோட்டார் கொட்டகை ஓரமாக நின்று சாப்பிட்டேன்.

மூன்று வருஷம் அந்தக் கொக்கியில் ஃபேன் சுற்றியது. சுவிட்ச் மாற்ற, பியூஸ் போட என்று அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பேன். கொக்கியை ஃபேன் கிண்ணம் மூடியிருக்கும். ஒன்றும் தெரியாது. ஆனாலும் பார்ப்பேன்.

மகள் கல்யாணத்துக்காக பாய் குவைத்திலிருந்து லீவில் வந்தார். ஹாலுக்கு சாண்ட்லியர் வாங்க வேண்டும், கூட வாங்க தம்பி என்று ஆள் அனுப்பினார். அக்காவும் சேர்ந்து காரில் திருச்சிக்குப் போனோம். பாடாலூரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். நான் காரை விட்டு இறங்கவில்லை.

கடையில் ஐந்து கைகள் உள்ள ஒரு பித்தளை விளக்கு இருந்தது. லேசானது. பக்கத்திலேயே மூன்று அடுக்காகக் கண்ணாடிச் சரம் தொங்கும் விளக்கு ஒன்று. எவ்வளவு எடை என்று கேட்டேன். இருபத்தெட்டு கிலோ என்றான் கடைக்காரன்.

“பித்தளையே நல்லாருக்குக்கா. இந்தக் கண்ணாடியில ஒட்டடை சேரும். துடைக்கறது ரொம்பக் கஷ்டம்.”

“துடைக்கப்போறது நானு. உங்களுக்கு என்ன கஷ்டம்?” என்றார் அக்கா.

பாய் சிரித்தார். “தம்பி, பதினெட்டு வருஷம் பாலைவனத்துல கிடந்துட்டு வந்திருக்கேன். எம்மவ கல்யாணத்துல மாப்பிள்ளைய இதுக்கு நேர் கீழ உக்கார வைக்கணும்.”

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வரும் வழியெல்லாம் மடியில் கண்ணாடிச் சரங்கள் அடுக்கிய பெட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பு மாட்டப் போனேன். ஃபேனைக் கழற்றியதும் கொக்கி தெரிந்தது. அதைச் சுற்றி, நாலணாக் காசு அளவுக்கு முடி மாதிரி ஒரு விரிசல். மேலே அடித்த சுண்ணாம்புதான் வெடித்திருக்கிறது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

பாயும் அக்காவின் தம்பியும் ஆளுக்கொரு மேஜை மேல் நின்று விளக்கைத் தூக்கிக் கொடுத்தார்கள். நான் ஏணியில் நின்று வளையத்தைக் கொக்கியில் கோத்தேன்.

“வுடலாமா தம்பி?”

கீழே கல்யாணப் பெண் பெட்டியிலிருந்து சிதறிய வைக்கோலையும் அட்டையையும் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் தலை விளக்குக்கு நேர் கீழே இருந்தது.

“கை வலிக்குது. வுடலாமா?”

அவர்கள் கொஞ்சம் தளர்த்திப் பார்த்திருக்க வேண்டும். என் மணிக்கட்டில் பொடி உதிர்ந்தது.

“வுடாதீங்க! பாப்பாவ அந்தப் பக்கம் போவச் சொல்லுங்க!”

நான் கத்தியதை அந்த வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை. விளக்கை இறக்கி மேஜை மேல் வைத்தோம். ஏணியில் நின்றபடியே சொன்னேன். “கொக்கி சரியில்ல பாய். நான்தான் வச்சேன். கம்பிக்கு மேல வைக்கல.”

“எப்ப தெரியும்?”

“தளம் போட்ட அன்னைக்கே.”

“திருச்சியிலயும் தெரியும்.”

“தெரியும்.”

“அதான் ஒட்டடைக் கதையா?” என்றார்.

நான் கத்தியதைக் கேட்டு ஓடி வந்திருந்த அக்கா பிடித்துக்கொண்டார். “மூணு வருஷமா எம்புள்ளைங்க இதுக்குக் கீழதான் படுத்துச்சுங்க. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? தள்ளி வைக்கச் சொன்னவ நானு. முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்களக் கடிச்சா தின்னுருவேன்?”

கடப்பாறை நுனியால் நெம்பினேன். கொக்கி ஒரு கைப்பிடி சிமெண்டோடு கீழே விழுந்தது. அக்கா அதை எடுத்துப் பார்த்தார். புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்து ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த பஸ்ஸில் அரியலூர் போனேன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்து மெஷின்களுக்குத் தண்டு கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை ஒன்று எனக்குத் தெரியும். கட்டை விரல் தடிமனில் ஒரு கம்பி செய்து வாங்கினேன். ஒரு முனையில் வளையம், மறு முனையில் மரை. கூடவே இரண்டு கை அகலத்துக்கு ஓர் இரும்புத் தகடு. மொட்டைமாடியில் தட்டோட்டைப் பெயர்த்து, தளத்தைத் துளைத்து, கம்பியை ஏற்றி, மேலே தகடு வைத்து நட்டை முறுக்கினேன். மழைத் தண்ணீர் இறங்காதபடி பூசினேன்.

பூச்சு காய்ந்த மறுநாள் காலை அதில் இரண்டு மூட்டை சிமெண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். அன்று பெண்கள் யாரும் ஹால் வழியாக வரவில்லை. கொல்லைப்பக்கம் சுற்றித்தான் அடுப்படிக்குப் போனார்கள். நான் சுவரோரம் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு பாங்கு சொல்லும்வரை மூட்டைகள் அசையவில்லை. இறக்கிவிட்டு விளக்கை மாட்டினோம்.

கல்யாணத்தன்று மீட்டர் பெட்டி பக்கம் ஒதுங்கி நின்றேன். மாப்பிள்ளை பள்ளிவாசலிலிருந்து இன்னும் வரவில்லை. உள்ளறை வாசலில் நின்று அக்கா கூப்பிட்டார்.

“வாங்க, இங்க வந்து உக்காருங்க.” விளக்குக்கு நேர் கீழே விரித்திருந்த ஜமக்காளத்தைக் காட்டினார்.

“நான் அப்பறமா சாப்பிடறேங்க்கா.”

“சாப்பிடக் கூப்புடல. வெளக்குக்குக் கீழ உக்காருங்கன்னேன். மாப்பிள்ளைக்கு முந்தி நீங்க.”

ஹாலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தனை பேர் பார்க்க நடந்துபோய் உட்கார்ந்தேன். காது சுட்டது. பாய் வந்து எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எங்கள் நடுவில் ஒரே சஹன் தட்டில் பிரியாணி வந்தது. என் பக்கமாகக் கறியை ஒதுக்கிவிட்டு அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

அவர் ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை. நான் ஒவ்வொரு வாய்க்கும் பார்த்தேன்.