ஆணி அடிக்காத பொக்லைன்

யோசனை வந்தபோது என் வாயில் பாதிக் கொய்யாப்பழம் இருந்தது. தாயில்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள். மஞ்சள் நிறப் பொக்லைன் ஒன்று கையை நீட்டி, மண்ணைக் கவ்வி, மடக்கி, ஓரமாகக் கொட்டியது. நானும் இன்னொரு கடிக்குக் கொய்யாவை வாயருகே கொண்டுபோனேன். கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. தோள், முழங்கை, மணிக்கட்டு. அதற்கும் அவ்வளவுதானே! எனக்கு மடங்குகிற இடத்தில்தான் அதற்கும் மடங்குகிறது.

பக்கத்தில் என் தம்பி தெருவில் புரண்டு அழுதுகொண்டிருந்தான். நாலு வயது. பொக்லைனில் ஏற்றிவிடச் சொல்லி அழுகை. டிரைவர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அழாதலே. உனக்கு நான் ஒண்ணு செஞ்சு தாரேன். மேல உக்காந்து ஓட்டலாம். நெசமாவே மண்ணு அள்ளும்" என்றேன்.

சொன்னதைப் பெரியப்பா மகன் கேட்டுவிட்டான். நான் ஐந்தாம் வகுப்பு, அவன் ஏழு. போதாக்குறைக்குப் புது சைக்கிள் வேறு வைத்திருந்தான்.

"ஏ புள்ள, பேச்சு எம்புட்டு நீளமா வருது! ஒரு சட்டி மண்ணு அள்ளிக் காட்டு, இந்த சைக்கிள் உனக்கு. அள்ளலேன்னா முழுப்பரீட்சை வரைக்கும் என் பைய நீதான் தூக்கிட்டு வரணும்."

தெருவே கேட்கும்படி "சரி" என்று கத்தினேன். அவன் பை எவ்வளவு கனம் என்று அப்புறம்தான் யோசித்தேன்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டியிருந்த நாட்கள் அவை. சரவெடி பின்னப் போகும் அம்மாவும் வீட்டில் இருந்தாள். சிவகாசியில் அச்சுக் கம்பெனியில் லோடு ஏற்றும் அப்பாவிடம் கேட்டேன். உடைந்த பலகைகளையும், பேப்பர் ரீலின் இரண்டு முனையிலும் அடைத்து வரும் வட்டக் கட்டைகளையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கட்டைகளுக்கு நடுவில் துளை இருந்தது. சக்கரத்துக்கென்றே யாரோ செய்து அனுப்பியதுபோல் இருந்தது எனக்கு.

கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்தாயிற்று. வாசலில் ஒரு கடப்பாறைத் துண்டை அடியில் கொடுத்து, அதன் மேல் பலகையை வைத்து, சுத்தியலால் முதல் ஆணியை அடித்தேன். டங். இரண்டாவது அடி. டங்.

மூன்றாவது அடி விழவில்லை. அதற்குள் அம்மா வந்து என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கையில் மாவு, காலில் செருப்பில்லை. எதிர்வீட்டு அத்தை ஒரு வாளித் தண்ணீரோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். எல்லோரும் ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள்.

"யாரு இரும்பு மேல இரும்பத் தட்டுறது?"

"நான்தாம்மா. ஆணி அடிக்கேன்."

"அடிக்காத. பொறி பறக்கும்."

"இங்கன என்ன மருந்தா கெடக்கு? வெறும் வாசல்தானம்மா!"

எங்கள் பக்கம் மருந்து என்றால் பட்டாசு மருந்துதான். அத்தை தன் கையிலிருந்த வாளியைப் பார்த்தாள். திடீரென்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆத்தாடி, நான் எதுக்கு இதத் தூக்கிட்டு ஓடியாந்தேன்?" என்றாள். மற்றவர்களும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஆணி டப்பாவையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டுபோய்ப் பரணில் போட்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. வருஷமெல்லாம் வெடி செய்கிறவர்கள் இரண்டு ஆணிச் சத்தத்துக்குப் பயப்படுகிறார்களே! இவ்வளவு பயந்தாங்கொள்ளிகள் நிறைந்த தெருவில் பிறந்து தொலைத்தேனே என்று நினைத்தேன். பெரியப்பா மகனோ தன் பையின் வாரை எனக்குத் தகுந்தபடி அளவு பார்க்கத் தொடங்கிவிட்டான்.

ஆணி இல்லாமல் எப்படிப் பூட்டுவது? பூட்டிய கை எப்படி மடங்கும்? சாப்பிடாமல் யோசித்தேன். பிறகு சாப்பிட்டுவிட்டும் யோசித்தேன். பதில் என் தலையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவோடு ஒரே ஷெட்டில் வேலை பார்த்த அக்கா ஒருத்தி, முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எனக்குச் சரவெடிப் பின்னல் போட்டுவிடுவாள். எவ்வளவு ஆடினாலும் அவிழாது. அன்று அம்மா அதே பின்னலை எனக்குப் போட்டிருந்தாள். நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். சரவெடியை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம், சுருட்டலாம். ஒரு வெடிகூடக் கழன்று விழாது.

"அம்மா, பலகையச் சரம் மாதிரி பின்னித் தருவியா?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "கயிறு எங்க?" என்றாள்.

சணல் கயிற்றில் அவள் விரல்கள் போன வேகத்தை என் கண்ணால் பிடிக்க முடியவில்லை. எங்கே மடங்க வேண்டும், எங்கே அசையக் கூடாது என்று நான் சொல்லச் சொல்ல, அங்கே தளர்த்தியும் இங்கே இறுக்கியும் பின்னினாள். "சீசன்ல கூட என்னைய இம்புட்டு வேல வாங்கலடி" என்று ஒரு சலிப்பு. சலிப்பில் சந்தோஷம் தெரிந்தது. ரீல் கட்டைகளில் மூங்கிலைச் செருகிச் சக்கரம் பூட்டினேன். ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனைச் சாய்வாக வெட்டியதும் மண் அள்ளும் வாய் தயார். உட்கார ஒரு மணைப்பலகை. பிடித்து இயக்க இரண்டு கழிகள்: ஒன்றை இழுத்தால் கை மேலே வரும், மற்றதைத் தள்ளினால் கேன் கவ்வும்.

மழை பெய்து கரிசல் இளகிக் கிடந்த காலையில் தெருவே கூடிவிட்டது. தம்பி ஏறி உட்கார்ந்தான். கேன் மண்ணைக் கவ்வியது. கழியை இழுத்தான். கை எழும்புவதற்குப் பதில் வண்டியின் பின்பக்கம் எழும்பியது. தம்பி முன்னால் சறுக்கிச் சேற்றில் உட்கார்ந்தான்.

பெரியப்பா மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பொக்லைன் இல்ல, இது சறுக்கு மரம்! பைய இப்பவே தூக்குறியா, நாளைக்கா?"

எனக்குக் கண் கலங்கியது. அழுதால் தோற்றதாகிவிடும் என்று தெருமுனையைப் பார்த்தேன். அங்கே நின்ற நிஜப் பொக்லைனின் முதுகில் பெரிய இரும்புக் கட்டி ஒன்று தெரிந்தது. சும்மா அழகுக்கு என்று நான் விட்டுவிட்ட கட்டி.

"அண்ணே, அடியில நான் ஏதோ கள்ளத்தனம் பண்ணியிருக்கேன்னு அப்புறம் சொல்லுவ. நீயே பின்னால ஏறி உக்காந்து பாத்துக்க" என்றேன்.

பெரிய நீதிபதிபோல் ஏறி உட்கார்ந்தான். நன்றாகச் சாப்பிடுகிற பையன். தம்பி கழியை இழுத்தான். கை மண்ணோடு எழும்பியது, வளைந்தது, சட்டியில் கொட்டியது. பின்னல் ஒன்றுகூட அவிழவில்லை. சட்டி நிரம்பியபோதுதான் அவனுக்கு விளங்கியது.

"ஏ புள்ள! என்னையவே பாரக்கல்லா வச்சிட்டியே!"

அம்மாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். சைக்கிள் பொழுது சாயும்வரை என்னிடம் இருந்தது. அப்புறம் பெரியம்மா வந்து உருட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் ஞாயிறுதோறும் எனக்கு ஒரு ரவுண்டு உண்டு என்று பஞ்சாயத்தில் முடிவானது.

கூட்டம் கலைந்ததும் அம்மா தனியாக அந்தக் கழியை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, இது ஒரு தட்டத் தூக்குமா?"

"என்ன தட்டு?"

"மருந்துத் தட்டு. ஆளு எட்ட நின்னுக்கிட்டு, சிந்தாம, அலுங்காமத் தூக்கணும்."

"தட்டென்ன, உன்னையவே தூக்கும்மா!" என்றேன். தெருவே பாராட்டிய பெருமையில் இருந்தேன். அம்மாவும் பாராட்டுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். எனக்குப் பின்னல் போட்டுவிட்ட அக்கா, அதற்கு முந்தின கோடையில் மருந்துத் தட்டுத் தூக்கும் வேலைக்கு மாறியிருந்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வரவே இல்லை. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் திருத்தவும் இல்லை. ஒரு தட்டு சிந்தி வெடித்த கதை, நான் வளர்ந்த பிறகுதான் காதுக்கு வந்தது.

இப்போது மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறேன். கல்லூரியில் மற்றவர்களின் புராஜெக்டில் மோட்டாரும் சென்சாரும் இருக்கின்றன. என்னுடையதில் மரமும் மூங்கிலும் பருத்திக் கயிறும்தான். கை மட்டும் ஓர் ஆள் நீளத்தைவிட நீளம். இரும்பு ஒரு துளியும் கிடையாது. பின்பாரத்துக்கு மணல் மூட்டை, அண்ணனுக்கு இனி வேலையில்லை. பின்னல்களை அம்மா போட்டு முடித்துவிட்டாள். வருகிற ஞாயிறு வாசலில் முதல் சோதனை. தட்டில் விளிம்புவரை கரிசல் மண்ணை நிரப்பப்போகிறோம். அம்மா எட்ட நின்று கழியை இழுப்பாள். ஒரு பொட்டு மண்ணும் சிந்தக் கூடாது.