பாதி மிதித்த கிளட்ச்

கனடாவின் மொன்றியலில் அண்ணன் இறந்தபின் அவருடைய பழைய அமெரிக்கக் கார் எனக்கு வந்தது. மேட்டில் இன்ஜின் இரைந்ததே தவிர வேகம் ஏறவில்லை. காரையும் கவனிக்காமல் விட்டிருக்கிறார் என்ற எரிச்சலோடு, பக்கத்து ஊரான லவாலில் ஒரு யாழ்ப்பாணத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

அவர் அடியில் படுத்துப் பார்த்தார்.

"கிளட்ச் தேயேல்லை, தம்பி. பெடலில இருந்து போற கம்பியை வேணுமெண்டே நீட்டி வைச்சிருக்கு. பாதி மிதிச்சாலே கியர் மாத்தலாம், ஆனா கிளட்ச் முழுசாப் பிடிக்காமல் வழுக்கும், மேட்டில இழுக்காது. ஓட்டினவருக்கு இடது கால் ஏலாதோ?"

அந்தக் காரில் அண்ணனைத் தவிர யாரும் கைவைத்ததில்லை. கால் ஏலாதென்று அவர் ஒருநாளும் சொன்னதுமில்லை. நான் வீடு மாறியபோது பெட்டி தூக்காமல் நின்றவரை, எல்லோர் முன்னாலும் சோம்பேறி என்று ஏசினேன். சிரித்துக்கொண்டு நின்றார்.

கம்பியைச் சரிசெய்தாயிற்று. இப்போது பெடலை அடிவரை மிதிக்க வேண்டும். என் கால் சுலபமாகப் போகிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.