கிரைண்டர் ஓடாத காலை

1. வாசலில் கோலம்

கிள்ளானில் அந்தத் தாமான் குடியிருப்புக்குள் கார் திரும்பியதுமே நான் கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தேன். தோசை மாவு அரைத்து உணவகங்களுக்குப் போடுகிற வீடு அது. காலை நேரத்தில் கிரைண்டர் சத்தம் தெருமுனைவரை கேட்க வேண்டும். வாசலில் டப்பாக்கள் அடுக்கியிருக்க வேண்டும். அன்று ஒரு சத்தமும் இல்லை. வாசலைக் கழுவி, பெரிய கோலம் போட்டு, கதவில் மாவிலைத் தோரணம் வேறு கட்டியிருந்தது.

"இது பிசினஸ் நடக்கிற இடமா, கல்யாண வீடா?" என்று கேட்டார் பக்கத்தில் இருந்த மிஸ்டர் கதிர்வேல்.

அவர் எங்கள் தலைமையகத்தில் கடன் பிரிவு மேனேஜர். நான் கிள்ளான் கிளையில் கடன் அதிகாரி. சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்கிற நிறுவனம் எங்களுடையது. இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் எழுதச் சொல்லிக் கேட்டதால் எழுதுகிறேன். பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இந்த வேலையில் நான் பயப்படாத நாள் குறைவு.

கடன் கேட்டு மனுப் போட்டிருந்த புவனா பட்டுப் புடவையில் வந்து கதவைத் திறந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க சார், வாங்கக்கா. உக்காருங்க. பசியாறிட்டுதான் மத்ததெல்லாம்."

மேசையில் கேசரி, வடை, இடியாப்பம், ஒரு பெரிய ஜாடியில் மைலோ. பின்கட்டைப் பார்த்தேன். தரை காய்ந்து பளபளவென்று இருந்தது. மூன்று பெரிய கிரைண்டர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. அதற்கும் பூப்போட்ட துணி போர்த்தி, மேலே ஒரு பூச்சாடி.

மிஸ்டர் கதிர்வேல் அந்தத் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க எழுதின ரிப்போர்ட்ல மூணு மெஷின்னு இருக்கு மேடம்."

நான் புவனாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

2. எதற்காக இவ்வளவு படபடப்பு

அந்தக் காலை ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும்.

அதுவரை எங்களிடம் கடன் வாங்க மூன்று விஷயம் வேண்டும். கடைவீட்டுக்கான லைசன்ஸ், ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கு, மாதச் சம்பளக்காரர் ஒருவரின் ஜாமீன். வீட்டுப் பின்கட்டில் மாவு அரைக்கிற பெண்ணுக்கு இந்த மூன்றில் ஒன்றும் இருக்காது. செலாயாங் பாசாரில் காய்கறி போடுகிறவருக்கும் இருக்காது. ஸ்ரீ கெம்பாங்கானில் வீட்டு முன்னால் சட்டை தைக்கிறவருக்கும் இருக்காது. அவர்கள் வந்து கேட்பார்கள், நாங்கள் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டு இல்லை என்று அனுப்பி வைப்போம். வாசலைத் தாண்டினால் விளக்குக் கம்பத்தில் ஆ லோங் என்கிற கந்துவட்டிக்காரனின் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். வட்டிக்காரன் எந்தப் பத்திரமும் கேட்பதில்லை. பிறகு தவணை தவறினால் வீட்டு வாசலில் சிவப்புப் பெயிண்ட் ஊற்றி மிரட்டிவிட்டுப் போவான்.

இதை மாற்றச் சொல்லி நாங்கள் சிலர் மாய்ந்து மாய்ந்து எழுதினோம். கடைசியில் பரீட்சார்த்தமாக ஒரு புது விதி வந்தது. பத்திரம் இல்லாவிட்டாலும், அதிகாரி நேரில் போய் வியாபாரம் நடப்பதைக் கண்ணால் பார்த்து எழுதினால் கடன் கொடுக்கலாம். ஆனால் முதல் சில மனுக்களுக்குத் தலைமையகத்திலிருந்தும் ஒருவர் கூட வந்து பார்ப்பார். அவை தேறாவிட்டால் விதியை மூடிவிடுவார்கள்.

என் கிளையிலிருந்து முதலில் போனது புவனாவின் மனு. மாவைக் குளிரில் வைக்க அவளிடம் இருந்தது யாரோ பயன்படுத்திக் கழித்த பழைய சில்லர் பெட்டி. வெயில் ஏறினால் அது மூச்சு வாங்கும். மாவு புளித்துப்போகும். ஏற்கெனவே இரண்டு கடைக்காரர்கள் மாவைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். தீபாவளிக்கு முன்னால் புது சில்லர் வரவில்லை என்றால் மற்ற கடைகளும் கைவிட்டுவிடும். அவள் கணவர் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். அவர் சட்டைப்பையில் ஆ லோங் கார்டு ஒன்று இருப்பதை நானே பார்த்திருந்தேன்.

நான் முன்பு மூன்று முறை அங்கே போயிருக்கிறேன். மூன்று முறையும் எனக்கு உட்கார நாற்காலி இல்லை, அவ்வளவு வேலை நடந்தது. அந்த நம்பிக்கையில்தான் அனுப்பினேன். ஆனால் இந்த முறை தலைமையகத்துக் கிளார்க் போன் செய்து, "பெரிய ஆபிசர் பார்க்க வர்றார்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஆபிசர் வருகிறார் என்றால் நம் ஆட்களுக்கு இரண்டே வழிதான் தெரியும். ஒன்று, எடுத்து ஒளித்து வைப்பது. நகராண்மைக் கழக லோரி வந்தால் சாலையோரக் கடைகள் எப்படி மாயமாகின்றன என்று எல்லாரும் பார்த்திருக்கிறோம். இன்னொன்று, விருந்து வைப்பது. புவனா இரண்டையும் செய்துவிட்டாள். "மெஷின் அதிகமா இருந்தா லைசன்ஸ் கேப்பாங்கன்னு பக்கத்து வீட்டுல வச்சுட்டேன்கா" என்று என் காதில் சொன்னாள். அவள் சொன்ன ரகசியம் மிஸ்டர் கதிர்வேலுக்கும் கேட்டது.

3. ஹனிபா பாயின் கோபம்

இதற்கு மேல் கெடுவதற்கு ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். அப்போது வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. ஹனிபா பாய். இரண்டு தெரு தள்ளி உணவகம் வைத்திருக்கிறவர்.

"என்னம்மா புவனா, இன்னிக்கு மாவு இல்லன்னு காலையில மெசேஜ் போட்டா நான் கடைய எப்படி நடத்துறது? ரொட்டியவே எல்லாருக்கும் குடுக்க முடியுமா? தோச கேட்டு ஆள் எந்திரிச்சுப் போறான்லா!"

"பாய், மெதுவா. ஆபிசர் வந்திருக்காங்க."

"ஆபிசர் வந்தா? ஆபிசர் வந்து எங்கடையில தோச சுடுவாரா?"

எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆசையோடு மிஸ்டர் கதிர்வேலைப் பார்த்தேன். அவர் உதட்டோரம் சிரித்தார்.

"நல்ல டைமிங்" என்றார்.

செட்டப் என்று நினைத்துவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. முன்பொருமுறை ஒருவன் பக்கத்துக் கடைச் சரக்கையெல்லாம் இரவல் வாங்கி அடுக்கிக் காட்டிக் கடன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அந்தக் கடனில் கையெழுத்துப் போட்டவர் மிஸ்டர் கதிர்வேல். அதற்குப் பிறகு யார் எதைக் காட்டினாலும் அவருக்குச் சந்தேகம்தான்.

திரும்பும் வழியில் அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "ஒளிச்சு வைக்கிறவங்களுக்குக் கடன் குடுக்கச் சொல்றீங்க மேடம்." நான் கேசரிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வற்புறுத்திக் கட்டிக் கொடுத்தது. சூடு ஆறவேயில்லை.

4. பிரிக்பீல்ட்ஸ் கூட்டம்

தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில். அங்கே மனுவை முடிவு செய்யும் கூட்டத்துக்கு முந்திய நாள் புவனா போன் செய்தாள்.

"அக்கா, சில்லர் நின்னுருச்சு. ஐஸ் கட்டி வாங்கிப் போட்டு வச்சிருக்கேன். அவரு அந்தக் கார்டு நம்பருக்குப் போன் பண்ணப் போறேங்கறாரு. பண்ணட்டுமா?"

எங்கள் வேலையில் வாக்குக் கொடுக்கக் கூடாது. கிடைக்கும் என்று சொல்லி, கிடைக்காமல் போனால் அவள் கதி என்ன ஆவது? "ஒரு வாரம் பொறும்மா" என்றேன். பொறுத்தால் என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாது.

கூட்டத்தில் எங்கள் பெரிய அதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். மலாய்க்கார அம்மையார், அதிகம் பேசமாட்டார். மிஸ்டர் கதிர்வேல் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். மூடிய வீடு, ஒரு மெஷின், மறைத்த இரண்டு மெஷின், சரியான நேரத்துக்கு வந்து சத்தம் போட்ட வாடிக்கையாளர். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே கடன் கொடுக்கத் தோன்றவில்லை.

என் முறை வந்தது. எழுதி வைத்திருந்த குறிப்பு எதுவும் கண்ணில் ஏறவில்லை. மிஸ்டர் கதிர்வேலைப் பார்த்து வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சார், உங்களை ஏமாத்தினவன் கடையை நிரப்பிக் காட்டினான். இந்தப் பொண்ணு காலி பண்ணிக் காட்டியிருக்கா. ஏமாத்த நினைக்கிற யாராவது இருக்கிறதைக் குறைச்சுக் காட்டுவாங்களா?"

மிஸ்டர் கதிர்வேல் பேனாவை மூடினார், திறந்தார். அம்மையார் அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டார். சொன்னேன். எங்கள் கிராமத்திலும் அப்படித்தான், அதிகாரி வந்தால் கோழி அடிப்பார்கள், வேலை நின்றுவிடும் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அப்படியானால் நம் விதியில்தான் ஓட்டை இருக்கிறது என்றார்.

இனி இன்ன நாள் என்று சொல்லக் கூடாது, இந்த வாரத்துக்குள் வருவோம் என்றுதான் சொல்ல வேண்டும் என்று முடிவானது. போன் செய்கிறவர் என்ன பேச வேண்டும் என்பதையும் விதியிலேயே சேர்த்தார்கள். தமிழில் அதை எழுதியது நான். "நீங்கள் வேலையை நிறுத்த வேண்டாம். எதையும் எடுத்து வைக்க வேண்டாம். நாங்கள் லைசன்ஸ் பார்க்க வரவில்லை. எங்களுக்கு எதுவும் சமைக்க வேண்டாம்." கடைசி வாக்கியம் அலுவலக பாணியில் இல்லை என்றார்கள். நான் விடவில்லை.

புவனாவுக்கு இன்னொரு வாய்ப்பு. பார்க்கப் போவது அதே மிஸ்டர் கதிர்வேல். இதுவும் தேறாவிட்டால் அவள் மனுவோடு சேர்த்து விதியையும் மூடிவிடலாமா என்று அவர் கேட்டார். அம்மையார் சரி என்றார்.

5. இரண்டாம் முறை

அன்று கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல். எனக்கு மனம் முழுக்கக் கோலம்தான். போன் செய்து தெளிவாகச் சொல்லியாகிவிட்டது. இருந்தாலும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் இருக்க அவளுக்குத் தெரியாதே! ஒரு வாரமாகத் தினமும் கேசரி கிண்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாளோ என்னவோ. அதைவிட, கணவர் அந்த நம்பருக்குப் போன் செய்துவிட்டாரோ? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தாமானுக்குள் திரும்பியதும் கார்க் கண்ணாடியை இறக்கினேன். சத்தம் கேட்டது. கரகரவென்று, ஒன்றல்ல, இரண்டு மூன்று சேர்ந்த சத்தம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயிலுக்கு என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

கோலம் இல்லை. கதவு திறந்தே கிடந்தது. பின்கட்டில் தரையெல்லாம் ஈரம். பழைய நைட்டியின் மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு, முழங்கைவரை மாவோடு புவனா குனிந்திருந்தாள். சுவரோரம் ஐஸ் பெட்டிகள். அவள் நிமிரவில்லை.

"யாரு, பாய் அனுப்பின ஆளா? உள்ள வராதீங்க, வழுக்கும். அங்கயே நின்னு அந்த டப்பாவைக் கொஞ்சம் பிடிங்க. சீக்கிரம், ஐஸு கரையுது!"

மிஸ்டர் கதிர்வேல் என்னைப் பார்த்தார். பிறகு டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு டப்பாவை இரண்டு கையாலும் பிடித்தார். அவள் மாவை ஊற்றினாள். அவர் கால்சட்டையில் தெறித்தது. "ஆட்டாதீங்க அண்ணே, நேரா பிடிங்க" என்று அதட்டினாள். அடுத்த டப்பா. அதற்கடுத்தது. மூன்றாவதில்தான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

அப்படியே வெளுத்துப்போனாள். "ஐயோ, சார்..." மாவுக்கையோடு சுவரில் இருந்த சுவிட்சை நோக்கி ஓடினாள், கிரைண்டரை நிறுத்த.

நிறுத்தாதே என்று கத்த வாயெடுத்தேன். எனக்கு முன்னால் கத்தியது மிஸ்டர் கதிர்வேல்.

"ஆஃப் பண்ணாதீங்க! ஓடட்டும், ஓடட்டும்!"

அவள் சுவிட்சருகே கையை வைத்தபடி நின்றாள். கிரைண்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. டப்பா இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

6. புவனா கேட்ட கேள்வி

அன்று மாலையே போன் வந்தது. அழுதாள்.

"அக்கா, எல்லாம் போச்சு. சார அண்ணேன்னு அதட்டிட்டேன். கால்சட்டையெல்லாம் மாவு. ஒரு தண்ணிகூடக் குடுக்கலயே. எப்படிக்கா எனக்குக் குடுப்பாங்க?"

முடிவு வரும்வரை எதுவும் சொல்லக் கூடாது என்பது விதி. வாயைக் கட்டிக்கொண்டு, "பாப்போம்மா" என்றேன். அந்த நாலைந்து நாள் நானும் தூங்கவில்லை, அவளும் தூங்கவில்லை. மிஸ்டர் கதிர்வேல் தூங்கியிருப்பார்.

கடன் கிடைத்தது. விதியும் பிழைத்தது. மனுவில் அவர் எழுதிய குறிப்பு நீளமாக இல்லை: வியாபாரம் நடக்கிறது, நானே டப்பா பிடித்தேன். நான் போன் செய்து சொன்னபோது மறுமுனையில் கிரைண்டர் சத்தம். புரியவில்லையோ என்று இரண்டு முறை சொன்னேன். அவள் கேட்டாள்.

"சாருக்குக் கோவம் ஒண்ணும் இல்லையேக்கா?"

கணவரின் சட்டைப்பையில் இருந்த கார்டு என்ன ஆனது என்று அப்போதுதான் நானும் கேட்டேன். கிழித்துவிட்டாராம்.

புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, நீங்கள் போன் எடுத்ததும் ஒப்பிக்கிற அந்த நாலு வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். இங்கிருந்துதான். தயவுசெய்து வேகமாக ஒப்பித்துவிட்டு வைத்துவிடாதீர்கள். மறுமுனையில் இருப்பவர் உங்களுக்குப் பயந்து கடையை மூடுகிறவர். நீங்கள் போய் நிற்கும்போது உட்காரச் சொல்லாமல் ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தால் கோபப்படாதீர்கள். ஆட்டாமல், நேராகப் பிடியுங்கள்.