கேட்காமல் சொன்ன விவரம்

முப்பத்தெட்டு வயதில் ஆஸ்பத்திரி வார்டு வேலையை விட்டு, வெப்சைட்டுகளுக்கு சர்வரில் இடம் கொடுக்கும் கம்பெனியில் வாடிக்கையாளர் உதவிக்குச் சேர்ந்தாள் அவள். முதல் வாரம் ஒரு புகார் வந்தாலும் வேலை போய்விடும்.

முதல் அழைப்பிலேயே ஓர் ஆண் குரல் குழைந்தது. "தங்கச்சி, அந்தப் பல் கிளினிக் வெப்சைட் என்னோடதுதான். பாஸ்வேர்டு மறந்துபோச்சு, மாத்திக் குடும்மா." மெயில், பில் நம்பர் எல்லாம் கேட்காமலே ஒப்பித்தான்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு, குடுத்துத் தொலைங்கக்கா," என்றான் அவள் திரையை எட்டிப் பார்த்த பக்கத்து சீட் சீனியர்.

அவளுக்கு உறுத்தியது. பாஸ்வேர்டை மறந்தவனுக்கு பில் நம்பர் மட்டும் மனப்பாடமா? பொய்யை மறைக்கக் கேட்காமலே விவரம் சொல்லும் நோயாளிகளின் உறவினர்களை வார்டில் நிறையப் பார்த்தவள் அவள்.

"பதிவுல இருக்கிற நம்பருக்கு நானே கூப்பிடுறேன் சார்."

"அந்த போன் தொலைஞ்சுபோச்சு. உன் மேல புகார் குடுப்பேன்!"

"குடுங்க," என்று வைத்துவிட்டு, பதிவில் இருந்த எண்ணை அழுத்தினாள். ஒரு பெண் எடுத்தாள். பாஸ்வேர்டு மாற்றக் கேட்டீர்களா என்று விசாரித்தாள்.

"பல் டாக்டர்தான் பேசறேன். பாஸ்வேர்டா? நான் கேக்கலையே! ஐயோ, போன வாரம் வேலையை விட்டு நிறுத்தின மேனேஜரா இருக்கும்."

அவளுக்கு மூச்சு வந்தது. ஆனால் போன் நிஜமாகவே தொலைந்திருந்தால், எடுத்தது வேறு யாரோவாக இருக்கலாமே?

"தப்பா நினைக்காதீங்க. நீங்கதான் டாக்டர்னு நான் எப்படி நம்பறது?"

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "கேளும்மா, நல்லாக் கேளு!"