பாப்பாவின் கண்ணில் படாத இடங்கள்

வெயில் ஏறத் தொடங்கும் மாதத்தில் சென்னையில் குழந்தைகளை எங்கெல்லாம் கூட்டிப்போகலாம் என்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியும். ஒவ்வொரு இடத்திலும் எங்கே நின்றால் குழந்தையின் கண்ணில் படாமல் குழந்தையைப் பார்க்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல முடியும். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர் எங்களுடையது. மழையை நம்பி விதைக்கிற காடு, கொஞ்சம் ஆடுகள். எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனவன் நான் மட்டும்தான். பட்டம் வாங்கியபின் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டிலேயே இருந்தேன். அப்பா ஆட்டோடு போய்விடுவார், அம்மா களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போய்விடுவாள். பகலில் வீட்டில் இருக்கிற ஆள் நான். அதனால்தான் பாப்பா என்னிடம் வளர்ந்தாள். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

பாப்பா என் அண்ணன் மகள். அவள் நடக்கத் தொடங்கும் முன்பே அண்ணி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அந்த வருஷமே அண்ணன் ஏசி மெக்கானிக்காகக் குவைத்துக்குப் போனான். பாப்பா பெய்கிற மூத்திரத்தைத் துடைத்துக்கொண்டே பொது அறிவு படித்தேன். நடை பழக்கியது, சோறு ஊட்டியது, காய்ச்சலுக்குத் திருச்சுழி ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றது எல்லாம் நான். யாராவது அவளிடம் "உங்க சித்தப்பா என்னத்தா செய்யிறாரு?" என்று கேட்டால், "நாங்க ரெண்டு பேரும் பரிச்சைக்குப் படிக்கிறோம்" என்பாள்.

போன பங்குனியில் அண்ணன் ஒரேயடியாக ஊர் திரும்பினான். பாப்பாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற வயது. தாம்பரம் பக்கம் ஒரு ஏசி கடையில் வேலை பேசியிருந்தான். அண்ணியின் அக்கா குடியிருக்கிற வீட்டு மாடியிலேயே ஓர் அறை பிடித்துவிட்டான். பெரியம்மா பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து வைத்துக்கொள்வாள், இவன் வேலை முடிந்து வந்து பார்த்துக்கொள்வான். எல்லாம் சரியாக இருந்தது. பாப்பா மட்டும் அவனிடம் போகவில்லை.

அவன் உள்ளே வந்தால் என் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாள். தூக்கப்போனால் உடம்பை விறைத்துக்கொள்வாள். ஒரு நாள் அண்ணன் வெறுத்துப்போய் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, குவைத்திலிருந்து போடுவதுபோல என் போனுக்கு வீடியோ கால் போட்டான். பாப்பா ஓடிவந்து எடுத்தாள். தான் வரைந்த ஆட்டைக் காட்டினாள், பல் ஆடுவதைக் காட்டினாள், சிரித்தாள். அவன் பேசிக்கொண்டே எழுந்து வாசலுக்கு வந்தான். ஆளைக் கண்டதும் போனைக் கீழே வைத்துவிட்டு என் கைலியைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அண்ணன் சொன்னான்: "குவைத்துல பழைய மொதலாளி இன்னும் கூப்புட்டுக்கிட்டுத்தான் இருக்கான். இவ இப்பிடியே இருந்தா நான் திரும்பப் போயிர்றேன். இங்க இருந்து யாரு மொகத்தப் பாக்க?"

அதற்குத்தான் அப்பா அந்த யோசனையைச் சொன்னார். தாய் செத்த குட்டியை வேறு ஆட்டில் விடுவது அவருக்குத் தெரிந்த வேலை.

"புட்டிப்பால் குடுத்தவன் பட்டிப் பக்கமே வரக்கூடாது. அவன் சத்தங் கேட்டாலே குட்டி ஆட்டுக்கிட்ட நிக்காது, வெளிய ஓடியாந்துரும். சொல்லிட்டும் போகக்கூடாது, சட்டுன்னு இல்லாமப் போயிரணும். இங்கன வச்சுச் செஞ்சா இவன எப்பிடியும் தேடிப் பிடிச்சிரும். அசலூர்ல, நல்லா வேடிக்கை இருக்குற எடத்துல வச்சுச் செய்யி."

"ஏப்பா, அது ஆடு. இது புள்ள" என்றேன்.

"புள்ளைக்கு மட்டும் என்னலே, கொம்பா மொளச்சிருக்கு?"

அண்ணன் வேலையில் சேர இன்னும் சில நாள் இருந்தது. வெயில் முற்றிவிட்டால் ஏசி மெக்கானிக்குக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அதற்குள் முடிக்க வேண்டும். "ஏலே, நீதான் படிச்சவன். பாப்பாவுக்குப் பிடிக்கிற எடமாப் பாத்து வையி" என்றான். போனில் தேடினேன். குடும்பத்தோடு குதூகலிக்கச் சென்னையில் எவ்வளவோ இடங்கள் இருந்தன. நானில்லாமல் பஸ் ஏற மாட்டாள் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். என்னை எங்கே தொலைப்பது என்பதை நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தேன்.

முதல் நாள் வண்டலூர் உயிரியல் பூங்கா. பாப்பா என் தோளில் இருந்தாள். ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து, "சித்தப்பா, இது நம்ம வேப்பமரத்த ஒரு நாள்ல தின்னுரும்ல?" என்றாள். நீர்யானை வெளியே வரவில்லை, அதற்கு வருத்தப்பட்டாள். வெள்ளைப் புலி இருக்கிற இடத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. "அப்பா தோள்ல ஏறு, நல்லாத் தெரியும்" என்று அண்ணனிடம் மாற்றிவிட்டேன். புலி எழுந்து நடந்தது, அவள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து கூட்டத்துக்குள் நுழைந்து வெளியேறி ஒரு ஜூஸ் கடையின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரம் புலிதான் எங்களைக் காப்பாற்றியது. பிறகு அவள் திரும்பினாள். "சித்தப்பா?" என்றது உதட்டசைவில் தெரிந்தது. அண்ணன் ஏதோ சொல்லிச் சமாளித்தான். அவள் தோளிலிருந்து வழுக்கி இறங்கி, வழியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் ஐஸ் வாங்கிக்கொடுத்தான். ஐஸ் அவள் கையில் உருகி முழங்கை வரைக்கும் வழிந்தது. அவள் நக்கவே இல்லை.

ஜூஸ் கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாபா, ரொம்ப நேரமா அந்தக் கொயந்தயையே பாத்துனுகீற?"

"என் அண்ணன் மகதாண்ணே."

"அண்ணன் பொண்ணா? அப்ப இன்னாத்துக்கு ஒளிஞ்சினுகீற?"

ஆட்டுக்குட்டி கதையை அவரிடம் எப்படிச் சொல்வது? அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து என் கையைப் பிடித்தார். "போன எடு. அந்தாளு நம்பர் போடு, பாக்கலாம்." போட்டேன். தூரத்தில் அண்ணன் சட்டைப்பையைத் தடவி போனை எடுப்பதை அவர் கண்ணால் பார்த்த பிறகுதான் என் கையை விட்டார். "வூட்டுச் சண்டைய வூட்ல வச்சிக்கங்கப்பா. புள்ளைய நடுவுல வுட்டுட்டு..." என்று முனகிக்கொண்டே போய்விட்டார்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. போய்த் தூக்கினேன். அவள் அழவில்லை, பிசுபிசுத்த கையால் என் காதைப் பிடித்துக்கொண்டாள். தாம்பரம் வீடு வந்து சேரும் வரை காதை விடவில்லை.

அப்பாவிடம் போனில் அண்ணன் நடந்ததைச் சொன்னான். ஸ்பீக்கரில் அவர் திட்டினார்: "அரைகொறையா ஒளிஞ்சா ஒளியாததவிட மோசம்லே. அழுதா வந்துருவான்னு அதுக்குப் படிச்சுக் குடுத்துட்டியே."

மறுநாள் மெட்ரோ ரயிலும், அதற்கப்பால் பெரிய மால் ஒன்றும். இரவு தங்க என் கல்லூரி நண்பன் ஒருவனின் அறையைக் கேட்டு வைத்திருந்தேன். என் பையை அவனிடம் காலையிலேயே கொடுத்தாயிற்று. இனி பாப்பா ஊர் பழகும் வரை அவள் கண்ணில் படுவதில்லை என்று முடிவு. நானும் சேர்ந்து எடுத்த முடிவுதான்.

ரயிலுக்குள் குளிர்ந்தது. பாப்பாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. "அப்பா ரிப்பேர் பண்ணுற ஏசியா?" என்று என்னிடம் கேட்டாள். அவனைப் பற்றிய கேள்வியை என்னிடம்தான் கேட்டாள். அண்ணன் "ஆமாத்தா" என்றான், மகிழ்ச்சியாக. அவளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திருப்பி, கீழே ஓடுகிற கார்களைக் காட்டினான். எவ்வளவு சின்னதா இருக்கு பாரு, தீப்பெட்டி மாதிரி இருக்கு பாரு. அடுத்த நிலையத்தில் கதவு திறந்தது. அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தான். நான் எழுந்து இறங்கினேன்.

இறங்கியதும் தூண் மறைவுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கதவு மூடுகிற மணிச்சத்தம் கேட்டு பாப்பா திரும்பினாள். நான் இருந்த இடத்தைப் பார்த்தாள், பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். தொலைந்துபோனவனை, வழிதவறி இறங்கிவிட்டவனைப் பார்க்கிற பார்வை இல்லை அது. நான் கையசைக்கவில்லை, ஓடவில்லை, கதவைத் தட்டவில்லை. ஒன்றும் செய்யாமல் நின்றேன். அதை அவள் பார்த்துவிட்டாள். ரயில் போய்விட்டது.

மாலில் நடந்ததெல்லாம் அண்ணன் சொல்லித்தான் தெரியும். பாப்பா அழவேயில்லையாம். நகரும் படியில் பயப்படாமல் ஏறினாளாம். பொம்மை ரயிலில் மூன்று தடவை சுற்றினாளாம். "உன்னையக் கேக்கவே இல்லடா. ஒரு வார்த்தை கேக்கல" என்றான். அவன் குரலில் எனக்காக ஒரு சங்கடம் இருந்தது, அதற்கடியில் அடக்க முடியாத ஒரு சந்தோஷமும் இருந்தது. நண்பனின் அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நண்பன் சினிமாவுக்குக் கூப்பிட்டான், போகவில்லை.

மூன்றாம் நாள் கடற்கரைக்குப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. கடல் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. கண்மாயில் முழங்கால் தண்ணீர் நின்றாலே ஊரே போய்ப் பார்க்கிற இடம் எங்களுடையது. அண்ணனும் தண்ணீரில் இறங்கத் தெரியாதவன். அது ஒரு சாக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. துப்பாக்கியால் பலூன் சுடுகிற கடை ஒன்றின் தட்டிக்கு அந்தப் பக்கம் நின்றேன். வெயில் தாழ்ந்து மணல் ஆறிக்கொண்டிருந்தது. குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

பாப்பா அண்ணனோடு குதிரையில் வந்தாள். அலை வந்து காலைத் தொட்டபோது கத்தினாள், சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்ததுதான். பிறகு அண்ணன் சுண்டல் வாங்கக் கொஞ்சம் நகர்ந்தான். நாலு எட்டுகூட இருக்காது. அவள் சிரிப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் அவன் சட்டையின் நுனியை இரண்டு கையாலும் பிடித்தாள். அண்ணாந்து ஏதோ கேட்டாள். அவன் குனிந்து அவளைத் தூக்கிக் கழுத்தோடு அணைத்துக்கொண்டான். சுண்டல்காரன் பொட்டலத்தை நீட்டியபடியே நின்றான்.

அன்றிரவு அவன் போன் பேசியபோது அழுதுகொண்டிருந்தான். "ஏலே, நீயும் போயிருவியான்னு கேக்குறாடா. என்னையப் பாத்துக் கேக்குறா. இப்ப என்னைய விட மாட்டேங்குறா. கக்கூஸுக்குப் போனாக்கூட வாசல்ல நின்னு கதவத் தட்டிக்கிட்டே இருக்கா. அப்பா சொன்னது சரியாப் போச்சு பாத்தியா?"

"சரியாப் போச்சுண்ணே" என்றேன்.

அவள் எதற்காகக் கதவைத் தட்டுகிறாள் என்பதை அவனிடம் சொல்லவில்லை. அவள் அவனிடம் போய்விட்டாள், அவன் குவைத்துக்குப் போக மாட்டான். அதற்காகத்தானே இவ்வளவும். ஆனால் பாசத்தினால் போனவள் சுண்டல் வாங்குகிற நேரத்துக்குள் சட்டையைப் பிடிக்க ஓடுவாளா? கூட இருக்கிறவர்கள் ஒன்றும் சொல்லாமல் இல்லாமல் போய்விடுவார்கள் என்பது ஐந்து வயதில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் அம்மா போனது அவளுக்கு ஞாபகம் இருக்க வழியில்லை. நான் போனது இருக்கும்.

நான் ஊர் கிளம்பிய அன்று அண்ணன் அவளைக் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குக் கூட்டிவந்தான். வேண்டாம் என்றுதான் சொன்னேன். "இனிமே ஒண்ணும் ஆகாதுடா. ஒட்டிக்கிட்டா. பாத்துட்டுத்தான் போயேன்" என்றான். அவன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள் பாப்பா. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அது விழுந்ததை அவன் என்னிடம் சொல்லவில்லை. நான் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தேன்.

"பல்லு விழுந்துருச்சா? எங்க, காட்டு."

உதட்டை மூடிக்கொண்டாள்.

"பாப்பா, சித்தப்பா ஊருக்குப் போயிட்டு வாரேன். லீவுக்கு வந்து உன்னையக் கூட்டிட்டுப் போறேன். சரியா?"

"பொய்யி" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நான் வேண்டுமென்றே தப்பாகக் கூட்டினால் அவள் கணக்கைத் திருத்துவாளே, அந்தக் குரல். "ஏய், சித்தப்பாவ அப்பிடிச் சொல்லலாமா?" என்று அண்ணன் சிரித்தான். பின்னால் அருப்புக்கோட்டை, அருப்புக்கோட்டை என்று கண்டக்டர் கூவ ஆரம்பித்திருந்தார். பாப்பா அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாப்பா, நாம போவோம்."

அவள் அவனை அப்பா என்று நேருக்கு நேர் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணனும் கேட்டான். கேட்டியாடா என்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்துக்கு எதிரே சிரிக்காமல் இருக்க முடியாது. சிரித்தேன். கேட்டேன் என்று தலையாட்டினேன். அவர்கள் போனார்கள். பஸ்ஸில் ஏறி, அவர்கள் போன பக்கம் இல்லாத ஜன்னலாகப் பார்த்து உட்கார்ந்தேன்.