உலை மூடி

ஷமீமாவின் படிகத்தைக் கெடுத்தவள் நான். அல்லது... நானாக இருக்கலாம். பார்த்தீர்களா, முதல் வரியிலேயே தடுமாறுகிறேன்!

பெரம்பலூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகம். எம்.ஃபில். படிப்பில் நாங்கள் இருவர்தான் பெண்கள். நான் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வருவேன், ஷமீமா லப்பைக்குடிக்காட்டுக்காரி. அந்துருண்டை செய்யும் நாப்தலீனைக் கண்ணாடிக் குழாயில் உருக்கி, அதிலிருந்து படிகம் வளர்ப்பது எங்கள் ஆய்வு. செங்குத்தான உலை, மேலே சூடு, கீழே குளிர்ச்சி. குழாய் மெல்ல மெல்லக் கீழே இறங்க, அடியிலிருந்து கெட்டிப்பட்டு வரும்.

மேலே சூடாக இருக்கும்வரை உருகிய திரவம் அசையாது. மேற்பரப்பு குளிர்ந்தால் போயிற்று! குளிர்ந்தது கனத்துக் கீழே இறங்கும், சூடானது மேலே ஏறும், உள்ளே ஒரே புரளல். படிகத்தில் வெள்ளைப் பட்டைகள் விழும். என்னுடையது அப்படித்தான் கலங்கிப்போனது.

ஷமீமா வெப்பம் போகும் வழியையும் திரவம் புரளும் நிலையையும் கணக்கிட்டு, குழாய் இறங்கும் வேகத்தையே மாற்றினாள். துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த அவள் அத்தா சொல்லியிருந்தார்: "இது ஒழுங்கா வந்தா மேல படி. இல்லன்னா வந்திருக்க மாப்பிள்ளையப் பேசி முடிச்சிடுவேன்."

கடைசி நாள் மதியம். "தொழுதுட்டு வந்துடறேன் செல்வி. மூடிய மட்டும் தொறந்துடாதடி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திறந்தேன்.

ஏன்? ஆசையா? பொறாமையா? எனக்கே புரியவில்லையே! மின்விசிறிக் காற்று உள்ளே இறங்க, குனிந்து பார்த்தேன். அடிப்பகுதி தெளிவாக இருந்தது. எவ்வளவு அழகு! அதோடு மூடியிருக்கலாம்... இன்னும் சற்று நேரம் அப்படியே நின்றேன்.

உலை ஆறியபின் ஷமீமா குழாயை உடைத்தபோது கீழ்ப்பாதி தெளிவு. மேல்பாதி முழுக்கப் பட்டை. கடைசியில் கெட்டிப்படும் பகுதியில் அழுக்கு சேர்வது வழக்கம்தான். நான் திறக்காவிட்டாலும் கலங்கியிருக்குமோ? நீங்களாவது சொல்லுங்களேன்!

"என் கணக்குலதான்டி எங்கயோ தப்பு" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அத்தாவிடமும் அதையே சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த மாதமே நிக்காஹ் முடிந்தது.

சில வருடம் கழித்து, பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கைக்குழந்தையோடு எதிர்ப்பட்டாள். நலம் விசாரித்து முடிப்பதற்குள் சொன்னாள்: "அந்தக் கணக்க இப்பவும் போட்டுப் பாக்கறேன்டி. எங்க தப்புன்னே தெரியல."

கணக்கு சரிதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், 'அப்பறம் எதனாலடி?' என்பாள்.

"வெயில் தாங்கல. வாடி, ஜூஸ் குடிக்கலாம்" என்றேன்.

வந்தாள். குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு, பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள். நானும் குனிந்து... தப்பைத் தேடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.