பேருந்தில் மாத்திரை விழுங்கிய நாச்சிமுத்து

ஞாயிற்றுக்கிழமை காலை லிங்கம்பள்ளி சந்தையில் நான் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது நாச்சிமுத்துவின் மகன் போன் செய்தான். நடைப்பயிற்சி முடித்து வந்து காப்பிக்காக உட்கார்ந்தவர், காப்பி வருவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார் என்றான். முந்தைய நாள் அவர் அனுப்பிய ஜோக்குக்கு நான் இன்னும் பதில்கூடப் போட்டிருக்கவில்லை.

நம் தொழிற்சாலைத் தமிழர்களில் அவரைத் தெரியாதவர் குறைவு. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். முப்பது வருட ஹைதராபாத் வாசத்துக்குப் பிறகும் எந்த மொழி பேசினாலும் கடைசியில் ஒரு ‘ங்க’ சேர்ப்பார். டீக்கடைக்காரர் இரண்டாவது கோப்பையை நீட்டினால், வேண்டாம் என்பதற்கு இங்கே சொல்லும் ‘நக்கோ’வையும் விடமாட்டார். “நக்கோங்க” என்பார். கடைக்காரரும் நாளடைவில் அவருக்கு மட்டும் “அச்சாங்க” என்று பதில் சொல்லப் பழகிவிட்டார்.

கச்சிபௌலியிலிருந்து ராமச்சந்திராபுரம் வரும் கம்பெனிப் பேருந்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. டப்பாவில் கொண்டுவந்த இட்லியைத் தின்று முடித்ததும் ஒரு மாத்திரை விழுங்குவார். ஒருநாள் முன்னிருக்கைக்காரர், பிரஷருக்கா என்று கேட்டார்.

“மனச்சோர்வுங்க. இப்பப் பரவாயில்லீங்க” என்றார் நாச்சிமுத்து, சளி பிடித்ததைச் சொல்வது போல. இதையெல்லாமா வெளியில் சொல்வார்கள் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வருடம் என் முறை வந்தது. பெரிதாக ஒரு துக்கமும் நடக்கவில்லை. ஆனாலும் அதிகாலையில் விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, மகள் பேசினால் எரிச்சல். மனதைத் திடமாக வைத்துக்கொள் என்று ஊரிலிருந்து அண்ணன் சொன்னார். திருப்பதிக்குப் போய்வரச் சொன்னார் மாமனார். இதைக் கேட்ட நாச்சிமுத்து, “கோயிலுக்கும் போங்க, டாக்டர்கிட்டயும் போங்க. ரெண்டும் சண்ட போட்டுக்காதுங்க” என்றார். நான் இரண்டு இடத்துக்கும் போகவில்லை.

ஒரு காலை பேருந்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார். “செத்துப்போலாம்னு தோணுதுங்களா?”

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. “சில நாள் தோணுது” என்றேன்.

அவர் பதறவில்லை, புத்தி சொல்லவில்லை. அடுத்த நிறுத்தத்தில் என்னையும் இறக்கி, இருவருக்கும் லீவு சொன்னார். என் மனைவி வசந்தாவையும் வரவழைத்து, அன்றைக்கே தன் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனார்.

இது சோம்பலோ கோழைத்தனமோ இல்லை, நோய் என்றார் மருத்துவர். சில வாரம் என்னைத் தனியாக விட வேண்டாம் என்று வசந்தாவிடம் சொன்னார். மருந்து வேலை செய்யச் சில வாரம் ஆகும், கூடவே வாரம் ஒருமுறை உளவியல் ஆலோசகரிடம் பேச வேண்டும் என்றார். முதல் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. வாய் வறண்டது, பகலெல்லாம் தூக்கம். மாற்றிக் கொடுத்தார். இரண்டாவது மாதம் ஒரு மாலை, நாச்சிமுத்து எங்கள் வீட்டுக்கு வந்து பெயர் எழுதச் சொன்ன வாசல் காவலாளியிடம், ‘ஏன்’ என்பதற்கு இங்கே சொல்லும் ‘கைக்கு’வோடும் ‘ங்க’ சேர்த்து “கைக்குங்க?” என்று விசாரித்துக்கொண்டிருந்தது காதில் விழ, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வீட்டில் தெலுங்கிலேயே பேசும் என் மகள் சமையலறைக்கு ஓடி, “அம்மா, நான்னா நவ்வாரு” என்றாள். அப்பா சிரித்தார் என்பது அன்று எங்கள் வீட்டில் ஒரு செய்தி.

தேறிவிட்டேன் என்று நானே மாத்திரையை நிறுத்தியதும், மறுபடி படுக்கையில் விழுந்ததும் அதன்பிறகுதான். திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். “நானும் இதே வேலையப் பண்ணுனவன்தானுங்க. வாங்க, டாக்டர் நம்ம மாதிரி ஆளுங்களப் பாத்துப் பழகினவருதானுங்க” என்று வண்டியை எடுத்தார். முழுதாகத் தேறிய பிறகு மருத்துவரே மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார்.

அப்படி மருத்துவரிடம் போய்வந்த நாட்களில் ஒருநாள், காத்திருப்பு அறையில் எங்கள் மேலதிகாரி செய்தித்தாளால் முகத்தை மறைத்தபடி உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து சத்தமில்லாமல் என்னை வெளியே கூட்டிவந்தார். “நம்ம கதைய நாம சொல்லலாமுங்க. அவரு கதைய அவருதான் சொல்லோணும்” என்றார். போன வாரம் இரங்கல் கூட்டத்தில் அந்த அதிகாரியே எழுந்து, அதைத் தெலுங்கில் சொன்னார். அன்று தாளின் இடுக்கு வழியாக எங்களைப் பார்த்தாராம். நாங்கள் வெளியே போனதும், செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தது தெரிந்ததாம். இரங்கல் கூட்டமொன்றில் இவ்வளவு சிரித்தது நாங்களாகத்தான் இருக்கும். நாச்சிமுத்துவின் மனைவியும் சிரித்தார்.

இதை எழுதி முடித்ததும் வசந்தாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மக கல்யாணத்துக்கு நிக்கிறா. உங்க பேரு வேணுமா?” என்று கேட்டாள். சற்று யோசித்துவிட்டு, “போடுங்க, மறைக்க என்ன இருக்கு” என்று அவளே பேனாவையும் எடுத்துத் தந்தாள். நாச்சிமுத்துவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தத் தைரியம்தான். எனக்கு மனச்சோர்வு இருந்தது. மருந்து சாப்பிட்டேன், பேசினேன், தேறினேன்.

ரா. சௌந்தரராஜன்,
தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு